முதலில் விண்ணப்பம், அப்புறம் பேப்பர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். கொட்டாங்குச்சிக் கரியில் நான் செய்த ஒரு பொருள் சாயக் கழிவுநீரின் நிறத்தை நன்றாக எடுக்கிறது. ‘சீக்கிரம் பேப்பர் அனுப்பு’ என்கிறார் கைடு. ‘பேட்டன்ட் எடுத்துக் கம்பெனி ஆரம்பி’ என்கிறார் மாமா. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்கலாம், வரிசை மாறாமல் இருந்தால் போதும். நம் காப்புரிமைச் சட்டப்படி, ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட விஷயம் புதியது ஆகாது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி இறங்காதீர்கள். பேப்பர் மட்டுமில்லை, கருத்தரங்கில் மாட்டும் போஸ்டர், ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் ஏறும் ஆய்வேடு எல்லாமே வெளியீடுதான். புதுத் தொழில் தொடங்குவோருக்குக் கைகொடுக்கும் இன்குபேஷன் மையத்தில் நான் இருந்த காலத்தில் யார் ஃபைலோடு வந்தாலும் “இதை எங்கேயாவது பேசிட்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்பேன். சிலர் பெருமையாகக் கருத்தரங்கில் பேசிய சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள்!

எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் கட்டணமும் காப்புரிமை ஏஜென்ட் கட்டணமும் தனி. பேப்பரில் வரப்போகும் அத்தனையும் அந்த புரொவிஷனலில் இருக்க வேண்டும், விட்டுப்போனதற்கு அந்த முதல் விண்ணப்பத்தின் தேதி கிடைக்காது. இன்னொன்று, கொட்டாங்குச்சிக் கரி நிறம் எடுக்கும் என்பது ஊரறிந்த செய்தி. அதில் நீங்கள் என்ன ஏற்றினீர்கள், எப்படி ஏற்றினீர்கள் என்பதுதான் உங்களுடையது. உரிமை கோருவதும் அதற்கு மட்டும்தான்.

யார் பெயரில் போடுவது? கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேரும்போது எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்றும் பாருங்கள். கல்லூரி ஆய்வகத்தையும் நிதியையும் பயன்படுத்தியிருந்தால் பெரும்பாலும் உரிமை கல்லூரிக்கு, கண்டுபிடிப்பாளர் என்று உங்கள் பெயர். பிறகு நீங்களே கம்பெனி தொடங்கினாலும், கல்லூரியிடம் உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும். முதல் ரூபாய் வருவதற்கு முன்பே பெரிய முன்பணம் கேட்கும் கல்லூரி தன் காலில் தானே கோடரி போட்டுக்கொள்கிறது என்பது என் கட்சி. விற்பனையில் ஒரு சிறு பங்கு கேட்பதே நியாயம்.

இனி மாமாவுக்கு. பீக்கரில் நீங்கள் கலக்கியது ஒரே சாயம், சுத்தமான தண்ணீர். சாயப்பட்டறைத் தொட்டியில் இன்று நீலம், நாளை மெரூன், எல்லாவற்றோடும் உப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். அங்கே இப்போது கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்பது விதி. நிறம் போனாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும். ஆகவே பட்டறைக்காரர் நிறத்தைப் பற்றி உங்களிடம் அதிகம் கேட்க மாட்டார். “உப்பு என்னாகும்? தீர்ந்துபோன கரியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?” என்பார். ஏற்கெனவே கொட்ட இடமில்லாமல் கழிவுச் சேறு மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. அவரிடமே ஒரு கேன் கழிவுநீர் வாங்கிவந்து, அதில் சோதித்துப் பாருங்கள். தேறினால் முன்மாதிரி செய்ய மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் வரை கேட்கலாம். பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியின் டிபிஐ, கோவையில் பிஎஸ்ஜி-ஸ்டெப் என்ற இரண்டு இன்குபேஷன் மையங்களிலும் விசாரியுங்கள். கம்பெனிப் பதிவு அப்புறம் ஆகட்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியிலும் ‘இன்குபேஷன் சென்டர்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். உண்மையில் கல்லூரி ஆய்விலிருந்து ஏதாவது தொழில் முளைத்திருக்கிறதா?
– பேராசிரியர், விருதுநகர்

பதில்: போர்டு மாட்டுவது சுலபம்தான் சார். ஆனால் முளைத்தும் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் படித்த இருவர் 2013-ல் தொடங்கிய மின்சார ஸ்கூட்டர் கம்பெனி ஏத்தர் எனர்ஜியின் தலைமையகம் பெங்களூரு, ஸ்கூட்டர் தயாராவது ஓசூரில். அதே ஐஐடி வளாகத்தில் வளர்ந்த ராக்கெட் கம்பெனி அக்னிகுல், ஒரே துண்டாக 3டி அச்சில் வார்த்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது.

எனக்குப் பிடித்தது உங்கள் பக்கத்து ஊர்க் கதை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலை. ஜல்லியை 160 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பொடியாக நறுக்கிய கேரி பேக்கைத் தூவினால் அது உருகிக் கல்மேல் மெல்லிய பூச்சாகப் படியும். அதன் பிறகு தார். பூச்சு ஏறிய கல்லைத் தார் இறுகப் பிடித்துக்கொள்ளும், கல்லுக்குள் தண்ணீர் இறங்காது. தாரும் கொஞ்சம் மிச்சம். புதிய இயந்திரம் பெரிதாக ஒன்றும் வேண்டாம், இருக்கிற தார்க் கலவை ஆலையே போதும். கல்லூரிக்கு 2006-ல் காப்புரிமை கிடைத்தது. பெரிய விலைக்கு விற்காமல் அரசுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

இதிலிருந்து பங்குச்சந்தைக்குப் போகிற கம்பெனி எதுவும் வரவில்லை. ஆனால் பிளாஸ்டிக்கைச் சேகரித்து நறுக்கிக் கொடுக்கும் வேலை நம் மாநிலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் போனது. ‘எத்தனை ஸ்டார்ட்அப்?’ என்று மட்டும் எண்ணும் அறிக்கைகளில் இந்த வேலை ஏறாது. உங்கள் சென்டரில், சிவகாசி அச்சகக்காரர் ஒருவரையும் சாத்தூர் விவசாயி ஒருவரையும் வரவழைத்து, என்ன தொல்லை என்று ஒரு மத்தியானம் கேளுங்கள்.

கேள்வி: வேளாண் பல்கலைக்கழகம் கண்டுபிடித்த சிறுதானியப் பண்டத்தை நாங்கள் செய்து விற்கலாமா? பட்டதாரி ஆக வேண்டுமா?
– வாசகர், தருமபுரி

பதில்: பட்டமெல்லாம் வேண்டாம். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக மேம்பாட்டு இயக்ககம் இருக்கிறது. கட்டணம் கட்டி ஒப்பந்தம் போட்டு உரிமம் வாங்கலாம். உங்களுக்கு மட்டும்தானா, கேட்கிற எல்லாருக்கும் கொடுப்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் நீங்கள் தனியாக எடுக்க வேண்டும். பயிற்சிக்குப் போகும்போது உங்கள் ஊர்ச் சாமையில் ஐந்து கிலோ கையோடு எடுத்துப்போங்கள். அவர்கள் காட்டும் பக்குவம் உங்கள் தானியத்தில் வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.