அம்மாவின் ஆயிரத்தில் 354 ரூபாய் பிடித்தம்: திரும்ப வாங்க முடியுமா, அரசு வங்கிக்கு மாறலாமா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது: "ஐயா, என் அம்மாவுக்கு 58 வயது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஒரு தனியார் வங்கிக் கணக்கில் வருகிறது. முன்பு குழுக் கடன் வாங்கியபோது திறந்த கணக்கு, கடன் எப்போதோ முடிந்துவிட்டது. போன மாதம் ஆயிரம் வந்த அன்றே 354 ரூபாய் போய்விட்டது. அதற்கு முன்னால் 236, ஒரு தடவை 295, இன்னொரு தடவை 20. கேட்டால் 'சிஸ்டம் எடுக்குது' என்கிறார்கள். இது சரியா? திரும்பக் கிடைக்குமா? அரசு வங்கிக்கு மாற்றினால் இந்தத் தொல்லை இருக்காதா? அரசு வங்கிகளையே விற்கப் போவதாகச் சொல்கிறார்களே, மாறி என்ன பயன்?"

சகோதரி, பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். முப்பது வருடம் ஒரு பொதுத்துறை வங்கியின் கவுண்டரில் உட்கார்ந்து, உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு என்ட்ரி போட்டுக் கொடுத்தவன் நான். ஆயிரம் வந்ததா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், 354 எதற்குப் போனது என்று கேட்பவர்கள் குறைவு. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம்.

வங்கி எடுக்கும் சார்ஜ் அநேகமாக எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதனால் பாஸ்புக்கில் விநோதமான ஒரு தொகை கழிந்திருந்தால் அதை 1.18ஆல் வகுத்துப் பாருங்கள், முழு எண் வந்தால் அது வங்கியின் சார்ஜ்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 354ஐ வகுத்தால் 300. நீங்கள் சொல்லும் நிலைமையில் இது மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கான அபராதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 236ஐ வகுத்தால் 200, ஏடிஎம் கார்டுக்கு வருடா வருடம் எடுப்பது. 295 என்றால் 250, கடன் தவணைக்குத் தானாகப் பணம் எடுக்க வந்தபோது கணக்கில் இல்லாமல் திரும்பிப் போயிருக்கும். 20 ரூபாய் மட்டும் வேறு. அது வங்கி சார்ஜ் அல்ல, பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கான ஒரு வருடப் பிரீமியம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும், அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இதே போல 436 என்று ஒன்று வந்தால் அது ஆயுள் காப்பீடு.

சரி, 354க்கு வருவோம். மினிமம் பேலன்ஸ் என்று நாம் சொன்னாலும் பல வங்கிகள் பார்ப்பது மாதச் சராசரியை. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் தொகையைக் கூட்டி 30ஆல் வகுப்பார்கள். வெறும் கணக்காக இருந்த இடத்தில் 15ஆம் தேதி ஆயிரம் வருகிறது, அம்மா 17ஆம் தேதி முழுதாக எடுத்துவிடுகிறார் என்று வையுங்கள். இரண்டு நாள் ஆயிரம், கூட்டினால் 2,000, வகுத்தால் சராசரி வெறும் 66 ரூபாய் சொச்சம். மளிகைக்கும் மாத்திரைக்கும் வந்த காசைக் கணக்கில் தூங்க வைக்கச் சொல்லும் விதி இது, கூலிக்குப் போகும் குடும்பத்தால் எந்தக் காலத்திலும் நிறைவேற்ற முடியாது.

ஆனால் இந்த அபராதத்தை இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் போட்ட உத்தரவு 2015 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும். சொன்ன நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அபராதம் எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே தொகை என்று அடிக்கக் கூடாது. சார்ஜ் போட்டதால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்றால், கணக்கு காலியாக இருக்கும்போது அபராதத்தை ஹோல்ட் போட்டு வைத்து, அடுத்துப் பணம் வந்ததும் முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு ஆயிரம் வந்த அன்றே 354 போனது இப்படித்தான் இருக்கும். 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை தொடங்கியபோதே பல பெண்களுக்கு இது நடந்து, அமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளைக் கண்டித்ததும், 1100 என்ற எண்ணில் புகார் செய்யச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அம்மாவின் கணக்கில் எந்த மொபைல் எண் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். குழுக் கடனுக்காகத் திறந்த கணக்குகளில் பல நேரம் குழுத் தலைவியின் எண்ணோ, கடன் வாங்கிக் கொடுத்த ஏஜெண்டின் எண்ணோதான் இருக்கும். முன்னறிவிப்பு எஸ்எம்எஸ் யாருக்கோ போய்க்கொண்டிருக்கும், அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. எண்ணை மாற்றுங்கள். அப்புறம் கிளைக்கு ஒரு கடிதம் கொடுங்கள், நீளமாக வேண்டாம். பிடித்த தேதியும் தொகையும் எழுதி, "முன்னறிவிப்பு எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள், 300 ரூபாய் எப்படிக் கணக்கிடப்பட்டது, இரண்டையும் எழுத்தில் தெரிவிக்கவும், முறைப்படி அறிவிக்காமல் எடுத்திருந்தால் திருப்பி வரவு வைக்கவும்" என்று போதும். நகலில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் வெளியே வராதீர்கள். கடிதம் எழுத்தில் வந்துவிட்டால் 'சிஸ்டம் எடுக்குது' என்று பதில் எழுத எந்த மேனேஜராலும் முடியாது. நான் பார்த்தவரை பாதி விவகாரம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், இணையத்தில் போடலாம், தபாலிலும் அனுப்பலாம். வழி தெரியாவிட்டால் 14448க்கு அழைத்துக் கேளுங்கள். தாமதிக்காதீர்கள். முன்னறிவிப்பு போகவில்லை என்றால் 354 கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 295 கடினம், தவணை திரும்பியது உண்மை என்றால் அது ஒப்பந்தப்படி எடுத்தது. 236ஐக் கேட்டுப் பாருங்கள், அம்மா கார்டையே பயன்படுத்துவதில்லை என்றால் எழுதிக் கொடுத்து ரத்து செய்துவிடுங்கள், அடுத்த வருடமாவது மிஞ்சும்.

இனி மாறுவது பற்றி. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: மினிமம் பேலன்ஸே இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எல்லா வங்கிகளும் தர வேண்டும், தனியார் வங்கியும் சேர்த்து. 2012 முதல் உள்ள விதி. இருக்கிற கணக்கையே அப்படி மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். மாதம் குறைந்தது 4 முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம், ஏடிஎம் கார்டுக்கும் காசு இல்லை. அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். கவுண்டரில் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் அரசு வங்கி எதற்கு என்று கேட்பீர்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது, ஆனால் முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். அரசு வங்கிகளும் இந்த அபராதத்தை வாங்கியவைதான். ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரலில் இதை மீண்டும் கொண்டுவந்து, நவம்பர் வரையிலான 8 மாதத்தில் மட்டும் 1,771 கோடி ரூபாய் வசூலித்தது, அந்த வருடத்தின் இரண்டாம் காலாண்டில் அது சம்பாதித்த லாபமே 1,581 கோடிதான். 2019-20 முதல் 2023-24 வரை 5 ஆண்டுகளில் 11 பொதுத்துறை வங்கிகள் சேர்ந்து ஏறத்தாழ 8,500 கோடி வசூலித்தன. இருப்பு வைக்க முடியாத ஏழைகளிடமிருந்து எடுத்த காசு இது, எங்கள் கிளையில் நானே என் கையால் அந்த என்ட்ரியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் இந்த எண்கள் நமக்கு எப்படித் தெரிந்தன? நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள், அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. உடைமையாளர் அரசு என்பதால் கேட்க ஒரு இடம் இருந்தது. ஸ்டேட் வங்கி எதிர்ப்பு வலுத்ததும் 2018 ஏப்ரலில் அபராதத்தைப் பெருமளவு குறைத்தது, 2020 மார்ச்சில் அடியோடு எடுத்துவிட்டது. 2025 ஜூனில் கனரா வங்கி, ஜூலையில் பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா, நம் சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் வங்கி என்று வரிசையாக நீக்கின. அதற்கு அடுத்த மாதமே ஐசிஐசிஐ வங்கி பெருநகரங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்களுக்கு மாதச் சராசரி இருப்பு 50,000 ரூபாய் என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்து சில நாளில் 15,000 ஆக இறக்கினார்கள். இடையில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சொன்னது, குறைந்தபட்ச இருப்பைத் தீர்மானிப்பது அந்தந்த வங்கியின் விருப்பம் என்று. அதாவது அவர்கள் நாளைக்கே மறுபடி ஏற்றினாலும் உங்கள் அம்மா போய்க் கேட்க இடமில்லை.

இன்னொரு வித்தியாசம் இதைவிட நேரடியானது. பொதுத்துறை வங்கிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போட்டு, இந்தக் கிளை போன வருடம் மினிமம் பேலன்ஸ் அபராதமாக மொத்தம் எவ்வளவு எடுத்தது என்று உங்களால் கேட்க முடியும். தனியார் வங்கியிடம் அப்படிக் கேட்க முடியாது.

அபராதம் இல்லாவிட்டால் வங்கி எப்படி நடக்கும் என்பார்கள் சிலர். 2023-24இல் பொதுத்துறை வங்கிகள் இந்த வகையில் எடுத்தது 2,331 கோடி. அதே வருடம் அவற்றின் மொத்த நிகர லாபம் 1.41 லட்சம் கோடி. நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. அந்தப் பக்கம் தூசி, இந்தப் பக்கம் ஒரு வீட்டின் பால் செலவு.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அரசு வங்கிக் கிளை இருக்கிறது என்றால் அதுவும் தானாக வந்ததல்ல. 1969 ஜூலை 19இல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள், இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் உண்டு. 1980இல் இன்னும் 6. 1977 முதல் 1990 வரை ஒரு விதி இருந்தது: ஏற்கனவே கிளை உள்ள ஊரில் ஒரு புதுக் கிளை திறக்க வேண்டும் என்றால் கிளையே இல்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும். லாபம் எங்கே என்று மட்டும் பார்த்திருந்தால் கரிசல் காட்டுக்கு நடுவில் யார் வந்து கிளை போட்டிருப்பார்கள்? 2014இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் 50 கோடிக்கு மேல் கணக்குகள் திறந்ததிலும் பெரும்பங்கு பொதுத்துறை வங்கிகளுடையது, தனியார் வங்கிகளின் பங்கு மிகச் சிறியது.

விற்கப் போகிறார்களா என்றால், 2021 பட்ஜெட்டில் ஐடிபிஐ தவிர இரண்டு பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்குத் தருவதாக அறிவித்தார்கள். எந்த இரண்டு என்று அப்போது சொல்லவில்லை. 2017இல் 27 ஆக இருந்த வங்கிகள் இணைப்புகளுக்குப் பிறகு 2020 ஏப்ரலில் 12 ஆகிவிட்டன. எனக்கும் கவலை உண்டு. ஆனால் அந்தக் கவலைக்காக உங்கள் அம்மா இப்போதே 354 ரூபாய் இழந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. கணக்கு வைத்திருப்பவர்கள் அதிகமாக இருக்கும் வங்கியை விற்பது அவ்வளவு சுலபமும் இல்லை, அதனாலும் அங்கே போகச் சொல்கிறேன்.

மாறும் முன் வீட்டு அலமாரியில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஜன்தன் முகாமில் திறந்த கணக்கின் பாஸ்புக் ஒன்று ரேஷன் கார்டோடு சேர்ந்து கிடக்கும், நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடமாக வரவு செலவு எதுவும் செய்யாததால் முடங்கியிருந்தாலும் கவலை இல்லை, ஆதாரும் படமும் கொடுத்து கே.ஒய்.சி. செய்தால் திரும்ப உயிர் வந்துவிடும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, முடங்கிய கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் அபராதமும் கூடாது. அது இல்லையென்றால் பக்கத்து அரசு வங்கியில் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று பெயர் சொல்லிக் கேட்டுத் திறங்கள். கிளை தூரம் என்றால் அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி இருக்கிறது, முழுக்க அரசுடையது, ஜீரோ பேலன்ஸ், தபால்காரரே வீட்டுக்கு வந்து பணம் கொடுப்பார். சாதாரண அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அதில் 500 ரூபாய் இருப்பு வேண்டும்.

கணக்கு திறந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆதாரைக் கணக்கில் சேர்ப்பது வேறு, அரசு உதவித் தொகை இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று மாற்றுவது வேறு. அதற்குத் தனியாக ஒரு ஒப்புதல் படிவம் இருக்கிறது, அம்மாவே கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். கடைசியாக எந்த வங்கியில் அந்த ஒப்புதல் பதிவானதோ அங்கேதான் ஆதார் வழியாக வரும் பணம் போகும். உரிமைத் தொகைக்குப் புதுக் கணக்கு எண்ணையும் தெரிவிக்க வேண்டுமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள், ஜீரோ பேலன்ஸாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். புதுக் கணக்கில் இரண்டு மாதம் ஆயிரம் முழுதாக வந்து, பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கண்ணால் பார்த்த பிறகு மூடிக்கொள்ளலாம். அதற்குள் 354 பற்றிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் முத்திரை வாங்கிய நகலின் படத்தை எனக்கு அனுப்புங்கள், குறைதீர்ப்பாளருக்கான மனுவைச் சேர்ந்து எழுதுவோம்.