வந்தபோது எக்ஸ்ரே சுத்தம், எட்டு மாதத்தில் இருமல்

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். இராமநாதபுரத்திலிருந்து வந்த சமையல் உதவியாளருக்கு மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் லேசான காய்ச்சல், உடம்பும் இளைத்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன் ஃபொமேமா (வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவப் பரிசோதனை) எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. காசநோய் என்றால் அது இங்கே வந்து ஒட்டியதா? அதே வீட்டில் இன்னும் ஐந்து பேர் தங்கியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலோடு எடை குறைவும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்தால் முதலில் காசநோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்த அன்று நுரையீரலில் நோயின் அடையாளம் இல்லை, அவ்வளவுதான். கிருமி உடம்பில் அடங்கிக் கிடப்பது எக்ஸ்ரேயில் தெரியாது. அப்படிக் கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் அது நோயாகிறது. அவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அங்கிருந்து புறப்படும்போதே பலரிடம் கிருமி இருக்கும். அதனால்தான் புது நாட்டுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் குடியேறிகளிடம் காசநோய் அதிகம் தென்படுகிறது. பிறகு மெல்லக் குறையும், ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் முற்றாக நீங்குவதில்லை. பிரிட்டனில், காசநோய் மிகுந்த நாடுகளிலிருந்து ஐந்தாண்டுக்குள் வந்த 16 முதல் 35 வயதுக்காரர்களுக்கு, அடங்கிக் கிடக்கும் தொற்றைத் தேடி இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இதற்காக உங்கள் ஊழியர் நோயைக் கொண்டுவந்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மலேசியாவிலும் ஆண்டுக்கு 20,000 பேருக்கு மேல் புதிதாகக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. ஜன்னல் அடைத்த அறையில் ஆறு பேர் படுத்தால் இங்கேயே ஒட்டும்.

இப்போது செய்ய வேண்டியது சளிப் பரிசோதனை. இருமல் சிரப்பில் நாளைக் கடத்தாதீர்கள். லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், நோய் கண்டுபிடிபடுவது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். நேரே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) அழைத்துப் போங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. கவுன்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு நீங்களே கட்டிவிடுங்கள்.

பரிசோதனை பெரும்பாலும் கெட்டுப்போவது டப்பாவில்தான். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் 'கிருமி இல்லை' என்று தவறாக வரும். காலையில் எழுந்ததும், சாப்பிடுமுன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். வெட்டவெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி, கெட்டியான சளியை ஒரு தேக்கரண்டி அளவு துப்ப வேண்டும். மூடியை இறுக்கி, வெயில் படாமல் அன்றே கொடுத்துவிடுங்கள். ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் போட்டால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்று தெரியும். சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்குச் சில வாரம் ஆகும். இனிப்புநீர் (நீரிழிவு) சோதனையும் கேளுங்கள். நீரிழிவு இருந்தால் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு.

காசநோய் உறுதியானால் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பார். கூடத் தங்கியவர்களையும் பரிசோதிக்க அழைப்பார்கள், ஐந்து பேரையும் அனுப்புங்கள். தொற்றுக்கான இரத்தப் பரிசோதனையிலோ தோல் ஊசியிலோ முதலில் ஒன்றும் தெரியாவிட்டால், எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உடம்பு அதைக் காட்ட அவ்வளவு நாள் எடுக்கலாம். முடிவு வரும்வரை நோயாளி தனி அறையில் படுக்கட்டும், மாஸ்க் போடட்டும், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். தட்டு, டம்ளரைப் பிரித்து வைப்பதால் பயனில்லை. இது காற்றில் பரவும் நோய். ஒருவரை அவமானப்படுத்தத்தான் அந்தப் பிரிவினை உதவும்.

சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின் இரண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தியும் சாப்பாட்டு வெறுப்பும் வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மருந்து வேலை செய்தால் இரண்டு வாரத்தில் பரவும் ஆபத்து பெரிதும் குறையும், ஆனால் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று எடை ஏறும். பலர் மாத்திரையை விடுவது அப்போதுதான், மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாவதும் அப்படித்தான். தினமும் கிளினிக் பணியாளர் கண்முன் அவர் மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும். ஷிஃப்டை அதற்கேற்ப மாற்றிக் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஃபொமேமாவில் காசநோய் தெரிந்தால் தகுதியில்லை என்று பதிவாகும். அந்தப் பயத்தில்தான் தொழிலாளர்கள் இருமலை மறைக்கிறார்கள், மறைக்கும் ஒவ்வொரு வாரமும் பக்கத்துப் பாயில் படுப்பவருக்கு ஆபத்து. சம்பளத்தைப் பிடிக்க மாட்டேன் என்று முதலாளியான நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிகிச்சை நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால், மருந்து தொடங்கிய தேதி, மருந்துகளின் பெயர், அளவு, சளி முடிவு எழுதிய கடிதத்தையும் பயணத்துக்கும் முதல் சில நாட்களுக்கும் போதுமான மாத்திரையையும் கிளினிக்கில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவமனையில் அந்தக் கடிதத்தைக் காட்டினால் நிக்ஷய் என்ற இந்திய அரசின் காசநோயாளர் பதிவில் சேர்த்து, மீதிச் சிகிச்சையை இலவசமாகத் தொடர்வார்கள்.