5 லட்சம் பாலிசி இருந்தும் ரோபாட் சர்ஜரிக்குக் கைக்காசு ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், சுரப்பியையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) என்றால் 2.90 லட்சம், ரோபாட் என்றால் 4.60 லட்சம் என மருத்துவமனை எஸ்டிமேட் தந்திருக்கிறது. 2020 முதல் விடாமல் புதுப்பித்துவரும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி, காப்பீட்டுத் தொகை 5 லட்சம். இரண்டுமே 5 லட்சத்துக்குள்தானே, ரோபாட்டுக்கே போகலாமா? குறைந்தால் பர்சனல் லோன் போடலாமா? வங்கியில் 3 லட்சம் டெபாசிட் உண்டு.
- வாசகர், மதுரை

பதில்: ரோபாட் என்று வந்துவிட்டால் உங்கள் பாலிசி 5 லட்சம் பாலிசி அல்ல, 2.50 லட்சம் பாலிசி. ரோபாட்டிக் சர்ஜரி உட்பட 12 நவீன சிகிச்சைகளைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் உத்தரவிட்டது. ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஆரோக்கிய சஞ்சீவனியில் அந்த வரம்பு காப்பீட்டுத் தொகையில் 50%. ரோபாட்டுக்கான கூடுதல் கட்டணத்துக்கு மட்டும் வரம்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல, அந்தச் சிகிச்சைக்கான மொத்த க்ளெய்முக்கும் அதுதான் வரம்பு.

கணக்கைப் பாருங்கள். லேப்ராஸ்கோப்பி பில் 2,90,000. கையுறை, பதிவுக் கட்டணம் போன்று காப்பீடு தராத அயிட்டங்கள் 18,000 என்று வைத்தால் மீதி 2,72,000. இந்தப் பாலிசியில் எல்லா க்ளெய்முக்கும் 5% உங்கள் பங்கு உண்டு. அது போக நிறுவனம் தருவது 2,58,400. உங்கள் கைக்காசு 31,600. ரோபாட்டில் பில் 4,60,000, வரம்பு 2,50,000, அதில் 5% போனால் 2,37,500. நீங்கள் கட்ட வேண்டியது 2,22,500. எஸ்டிமேட்டில் வித்தியாசம் 1.70 லட்சம்தான், உங்களுக்கு ஆகும் வித்தியாசம் 1.91 லட்சம். க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்கான போனஸ் சேர்ந்திருந்தால், 50% அதையும் சேர்த்தா, அடிப்படைத் தொகைக்கு மட்டுமா என்று நிறுவனத்திடம் மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அறை வாடகையில் சறுக்க வேண்டாம். உங்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய்தான் உச்சம். 7,500 ரூபாய் அறையில் தங்கினால் சர்ஜன் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கில் வரும். மருந்து, பரிசோதனைச் செலவில் இந்த வெட்டு கூடாது. லேப்ராஸ்கோப்பியைத் தேர்ந்தெடுத்தால் இதுதான் உங்களுக்குப் பெரிய ஓட்டை.

அவ்வளவு கூடுதலாகக் கொடுக்கத் தகுமா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இதே அறுவை சிகிச்சையை ரோபாட் முறையிலும் திறந்த முறையிலும் (லேப்ராஸ்கோப்பி அல்ல, வயிற்றைத் திறந்து செய்வது) செய்து ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2016, 2018-ல் வெளிவந்தன. ரோபாட்டில் ரத்த இழப்பு குறைவு. சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலுறவுத் திறனிலும் இரண்டு ஆண்டுகள் கழித்தும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இயந்திரத்தை இயக்குவது சர்ஜனின் கைதான், ரோபாட் தானாக எதையும் வெட்டுவதில்லை. அதனால் 'இந்த அறுவையை இந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று இரு முறைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். லேப்ராஸ்கோப்பியில் அனுபவம் குறைவு, ரோபாட்டில்தான் கைதேர்ந்தவர் என்றால் நான் பணத்தைப் பார்க்க மாட்டேன். பித்தப்பைக் கல்லுக்கு ரோபாட் என்று யாராவது சொன்னால் கட்டாயம் பார்ப்பேன்.

ரோபாட்டே என்று முடிவானால், எஸ்டிமேட்டைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். டாவின்சி என்ற ரோபாட் இயந்திரத்தின் கருவிகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தடவைக்கு மேல் வேலை செய்யாதபடி எண்ணிக்கை வைத்தே வருகின்றன. அந்தச் செலவும் ஸ்டெரைல் உறைகளின் விலையும் நோயாளிகள் தலையில்தான் விழும். பேக்கேஜில் இவை அடக்கமா, தனியா? பாதியில் திறந்த அறுவைக்கு மாற நேர்ந்தால் எந்தக் கட்டணம்? எழுத்தில் வாங்குங்கள். ரோபாட் முறை மருத்துவரீதியாகத் தேவை என்று சர்ஜனின் கடிதமும் வேண்டும். பாலிசி வாசகம் அதைத்தான் கேட்கிறது. 'ரோபாட் என்று எழுதாமல் விட்டால் முழுத்தொகை வரும்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆபரேஷன் குறிப்பில் அது வெளிவந்துவிடும். தவறான தகவல் என்று க்ளெய்மே நின்றுபோகும்.

சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022 முதல் ரோபாட்டிக் மையம் இயங்குகிறது. எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு அங்கும் விசாரியுங்கள்.

பர்சனல் லோன் வேண்டாம். 2,22,500 ரூபாயை 14% வட்டியில் மூன்று ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 7,600, வட்டி மட்டும் 51,000 போகும். டெபாசிட்டை உடைத்தால் வட்டியில் சிறு அபராதம்தான். முதிர்வு நெருங்கிவிட்டது என்றால் டெபாசிட்டின் மேல் கடன் வாங்குங்கள். பழைய வரிமுறையில், 60 வயது கடந்தவரின் புற்றுநோய்ச் செலவுக்கு ஒரு லட்சம் வரை கழிவு உண்டுதான். காப்பீட்டில் வந்த தொகையை அந்த ஒரு லட்சத்திலிருந்து கழிக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு மிஞ்சுவது பூஜ்யம். இப்போது புதிதாக டாப்-அப் (கூடுதல் காப்பீடு) எடுத்தாலும் இந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை போகலாம்.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு நிறுவனம் ஒரு மணி நேரத்தில் பதில் தர வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம். முதல் ஒப்புதலில் வரும் தொகை இறுதியானதல்ல என்பதால் அனுமதிக்கும் நாளிலேயே 2.25 லட்சத்தைத் தயாராக வைத்திருங்கள்.