கொலஸ்ட்ரால் 238: டாக்டர் சொல்வதா, வீடியோ சொல்வதா?

டாக்டர் மாத்திரை போடச் சொல்கிறார், கொலஸ்ட்ராலே கட்டுக்கதை என்கிறது வீடியோ, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் முன்பு நானும் இப்படித்தான் முழித்துக்கொண்டிருந்தேன்.

என் ரிப்போர்ட்டில் மொத்த கொலஸ்ட்ரால் 238 என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்துப் பயந்துவிட்டு, கீழே இருந்ததைக் கவனிக்கவே இல்லை. 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் 42, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 190, 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் 158. எல்டிஎல்லுக்குப் பக்கத்தில் 'கணக்கிடப்பட்டது' என்று பொடி எழுத்து. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 238-இல் 42 போனால் 196. டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 38-ஐயும் கழித்தால் 158. பல லேப்களில் எல்டிஎல் இப்படிக் கழித்துத்தான் வருகிறது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது.

சரி, வீடியோக்காரர்கள். அவர்கள் சொல்வதெல்லாம் பொய்யில்லை. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. உணவில் தினம் 300 மில்லிகிராமுக்குள் என்ற பழைய வரம்பை 2015-2020க்கான அமெரிக்க உணவு வழிகாட்டியே எடுத்துவிட்டது. சதவீத விளையாட்டைப் பற்றி அவர்கள் சொல்வதும் நியாயம். 100 பேரில் 10 பேருக்கு வரவிருந்த மாரடைப்பு, மாத்திரையால் 7 பேருக்கு என்று குறைந்தால், 30 சதவீதம் குறைந்தது என்று விளம்பரம் செய்யலாம். மூன்றே பேர்தான் தப்பினார்கள் என்று கேலியும் செய்யலாம். இரண்டும் ஒரே கணக்கு.

ஆனால் எல்டிஎல்லுக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமே இல்லை என்றபோது அவர்களை விட்டுவிட்டேன். ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்தெடுக்க செல்களின் மேல் இருக்கும் ஏற்பி (receptor) பிறவியிலேயே பழுதானவர்களுக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வருகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. நேர்மாறாக, பிசிஎஸ்கே9 என்ற மரபணு சரியாக வேலை செய்யாமல் பிறந்தவர்களுக்கு எல்டிஎல் ஆயுள் முழுக்கக் குறைவு, மாரடைப்பும் குறைவு. அவர்களுக்கு யாரும் மாத்திரை விற்கவில்லையே!

உங்கள் எல்டிஎல் 190-க்கு மேல் என்றாலோ, ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தாலோ வீடியோவை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். இல்லையென்றால் வயது, பிரஷர், சுகர், புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா, எல்லாவற்றையும் சொல்லி ஒரே கேள்வி கேளுங்கள்: "என்னை மாதிரி 100 பேரில் பத்து வருடத்தில் எத்தனை பேருக்கு வரும், மாத்திரை போட்டால் எத்தனை பேருக்கு?" என் டாக்டர் கால்குலேட்டரைத் தட்டி, 12 என்றும் 8 என்றும் எழுதிக் காட்டினார். அன்றிரவே மாத்திரையை ஆரம்பித்தேன்.