மதர்போர்டு மாற்றும் முன் சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளின் லேப்டாப் ஒரு மாதமாக ஆமை வேகத்தில் ஓடுகிறது. ஐ5 ப்ராசஸர். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டியது 0.39-ஐத் தாண்டுவதே இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டும் பயனில்லை. சர்வீஸ் கடையில் மதர்போர்டு போய்விட்டது, 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா, வேறு லேப்டாப் வாங்கலாமா? ஒயர் பிய்ந்துபோனதால் சமீபத்தில் 700 ரூபாய்க்குச் சார்ஜர் மட்டும் புதிதாக வாங்கினோம்.

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சார்ஜர் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, வெறும் பேட்டரியில் ஆன் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் வேகம் 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் எகிறினால் உடனே மதர்போர்டு மேல் பழி போட வேண்டியதில்லை. பேட்டரியில் சார்ஜே ஏறுவதில்லை என்றால் அதுவும் சார்ஜர் பக்கம் கைகாட்டுகிற துப்புதான். அப்போது அதே மாடல் வைத்திருக்கும் தோழியிடம் ஒரிஜினல் சார்ஜரை அரை மணி நேரம் வாங்கிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காரணம் இதுதான். டெல், ஹெச்பி போன்றவற்றின் வட்ட முனைச் சார்ஜர்களில் நடுவே ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். லேப்டாப்புக்கான கரண்ட் அதன் வழியாக வருவதில்லை. ‘நான் 65 வாட்’, ‘நான் 90 வாட்’ என்று சார்ஜர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது அதன் வழியாகத்தான். மலிவு சார்ஜர்களில் பல இந்த அறிமுகத்தைச் சரியாகச் செய்வதில்லை. வந்திருப்பது யாரென்று தெரியாத லேப்டாப், சார்ஜர் தாங்காமல் போய்விடுமோ என்று ப்ராசஸரை அடிமட்ட வேகத்திலேயே பிடித்து வைத்துவிடும். பேட்டரியையும் பெரும்பாலும் சார்ஜ் செய்யாது. அந்தப் பின் வளைந்தாலோ, அதற்கான மெல்லிய ஒயர் முனைக்குப் பக்கத்தில் அறுந்தாலோ ஒரிஜினல் சார்ஜரிலும் இதே கதைதான். டெல் என்றால் ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். சார்ஜர் எத்தனை வாட் என்று அங்கே காட்டும். ‘அன்னோன்’ என்று இருந்தால் சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணவில்லை என்று அர்த்தம்.

சூடு காரணமாக இருக்குமோ என்றால், அதன் போக்கு வேறு. சூட்டில் வேகம் ஏறி இறங்கும். கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டுத் தளரும். ஆன் செய்த நிமிடத்திலிருந்தே 0.39-இல் ஆணி அடித்தாற்போல் நிற்காது.

த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளில் ‘பிடி ப்ரோச்ஹாட்’ டிக்கை எடுத்தால் வேகம் திரும்பிவிடும் என்று யாராவது சொல்வார்கள். பல மாடல்களில் திரும்பும், உண்மைதான். ஆனால் அது மற்ற பாகங்கள் ப்ராசஸருக்குக் கொடுக்கும் ‘மெதுவாகப் போ’ என்ற எச்சரிக்கையை அடைத்துவிடுவது. நாளைக்கு பிராஜெக்ட் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்துக்குச் செய்யலாம். தரமில்லாத சார்ஜரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அப்படி ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சார்ஜர்தான் சூடாகிப் பாழாகும்.

பேட்டரியிலும் ஒரிஜினல் சார்ஜரிலும் வேகம் ஏறவே இல்லையென்றால் மட்டும் மதர்போர்டு பேச்சுக்கு வரலாம். அப்போதும் எந்தப் பாகம் போயிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். அப்புறம் இன்னொரு கடையிலும் காட்டுங்கள்.

புதுச் சார்ஜர் வாங்கும்போது வோல்ட், வாட் இரண்டும் பழையதோடு பொருந்துகிறதா, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையானதா என்று பிஐஎஸ் கேர் செயலியிலேயே தெரிந்துகொள்ளலாம். 700 ரூபாய் சார்ஜரை ‘ஒரிஜினல்’ என்று சொல்லி விற்றிருந்தால் பில்லோடு போய் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.