வாசகர் கேள்வி – பதில்: கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் ஆட்டம் மேம்படுமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பேட்மின்டன் ஆடுகிறாள். ஷட்டில் அடிக்கடி ராக்கெட்டின் ஃப்ரேமில்தான் படுகிறது. ‘விஷன் டிரெய்னிங்’ வகுப்பில் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன் முழுக் கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள். சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கவைத்து, ‘6/6, ஒன்றும் குறையில்லை’ என்று அனுப்பிவிடுவது போதாது. பிளஸ் பவர் (தூரப்பார்வை) உள்ள பிள்ளைகள்கூட கண்ணுக்கு வேலை கொடுத்து அந்தக் கடைசி வரியைப் படித்துவிடுவார்கள். எனவே சொட்டு மருந்து போட்டுப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியவராது. ஷட்டில் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்ற கணக்குதான் தவறிக்கொண்டே இருக்கும்.

பவர் இருந்தால் கண்ணாடிதான் தீர்வு. எந்தப் பயிற்சியும் அதைக் கரைக்காது. கண்ணில் குறையில்லை என்றால் கோச்சிடம் பேசுங்கள். ராக்கெட்டைத் தாமதமாகத் தூக்கினாலும் ஃப்ரேமில்தான் படும்.

‘விஷன் டிரெய்னிங்’ வகுப்பில், மினுக்கும் விளக்குகளைத் தொடும் பலகையில் வாரத்துக்கு வாரம் மதிப்பெண் ஏறும். ஏறுவது அந்தப் பலகையில் கை பழகியதால். ஆய்வாளர்கள் புரூஸ் அபெர்னதியும் ஜோவான் வுட்டும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான கண் பயிற்சி செய்தவர்கள், அதைச் செய்யாதவர்களைவிட ஆட்டத்தில் கூடுதலாக முன்னேறவில்லை.

கேள்வி: இரு கண்களும் சேர்ந்து உட்பக்கம் குவிவது குறைவாக இருக்கிறது என்று சொல்லி, மகனுக்கு ‘பிராக் கயிறு’ பயிற்சி கொடுத்திருக்கிறார் டாக்டர். வீட்டில் எப்படிச் செய்வது?

பதில்: பேனா முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவரும்போது, 10 செ.மீ.க்கு அப்பாலேயே அது இரண்டாகத் தெரிகிற பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி உண்மையிலேயே உதவும்.

3 மீட்டர் வெள்ளைக் கயிறு, வெவ்வேறு நிறத்தில் மூன்று மணிகள் போதும். ஒரு முனையைக் கண் உயரத்தில் கதவுக் கைப்பிடி போன்ற ஒன்றில் கட்டி, மறு முனையை மூக்கு நுனியில் பிடிக்க வேண்டும். மணிகளை மூக்கிலிருந்து 40 செ.மீ., 1.5 மீட்டர், கயிற்றின் கோடி என மூன்று இடங்களில் நிறுத்துங்கள். கயிறு தொய்யக் கூடாது. கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

நடு மணியைப் பார்த்தால் அது ஒன்றாகவும் மற்ற இரண்டும் இரட்டையாகவும் தெரிய வேண்டும். கயிறும் இரண்டாகி, அந்த மணியிலேயே பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடம் மணிக்கு முன்னால் வந்தால் கண்கள் தேவைக்கு மேல் குவிகின்றன. பின்னால் போனால் குவிவது போதவில்லை. ஒரே கயிறுதான் தெரிகிறது என்றால், ஒரு கண் அனுப்பும் காட்சியை மூளை ஒதுக்கிவிடுகிறது. அதை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு மணியில் 5 விநாடி நிலைத்து, அடுத்ததற்குத் தாவ வேண்டும். டாக்டர் வேறு அளவு சொல்லாவிட்டால் நாளுக்கு 5 நிமிடம் போதும். சிறுவர்கள் ‘இரண்டாகத் தெரிகிறது’ என்று நம்மைத் திருப்திப்படுத்தவே சொல்வதுண்டு. ஒரு கண்ணைக் கையால் மறையுங்கள். எந்தப் பக்கத்துக் கயிறு மறைந்தது என்று கேளுங்கள். உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: 14 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி தருகிறேன். ‘பந்தைப் பார்’ என்று கத்தியும் பலனில்லை.

பதில்: பேட்டில் படும்வரை பந்தை விடாமல் பார்ப்பது வேகப்பந்தில் நடக்காத காரியம். 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து, கையை விட்ட அரை விநாடிக்குள் பேட்டரை எட்டிவிடும். அதில் கண்டதற்கு உடல் அசையவே 0.2 விநாடி போய்விடும். ஆய்வாளர்கள் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-இல் காட்டியது இது: பேட்டர்கள் பந்து கிளம்புவதைப் பார்த்துவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே பார்வையைத் தாவவிடுகிறார்கள். திறமையான ஆட்டக்காரர் சீக்கிரம் தாவுகிறார்.

ஆகவே பழக்க வேண்டியது பந்து கிளம்பும் கணம். பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து, அவர் கண் உயரத்தில் பவுலரை வீடியோ எடுங்கள். பந்து கையை விட்டதும் நிறுத்தி, லைன் (எந்தத் திசையில் வருகிறது), லென்த் (எங்கே குத்தும்) கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, காலையும் நகர்த்தச் சொல்லுங்கள். பிறகு மீதியை ஓடவிடுங்கள். ஒரு அமர்வுக்கு 20 பந்து, வாரம் மூன்று முறை. பக்கவாட்டில் எடுத்த வீடியோ எதற்கும் உதவாது. ஒரே தொகுப்பைத் திரும்பத் திரும்பப் போட்டால் பையன்கள் விடையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். பவுலர்களை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: பார்வையை விட்டு விட்டு மறைக்கும் ‘ஸ்ட்ரோப்’ கண்ணாடியை 10 வயதுப் பிள்ளை போடலாமா?

பதில்: வலிப்பு வந்த பிள்ளைக்குக் கூடவே கூடாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் தவிர்த்துவிடலாம். மற்றவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, மெதுவாக எறியும் பஞ்சுப் பந்தில் தொடங்கலாம். உண்மையான கிரிக்கெட் பந்தோடு வேண்டவே வேண்டாம்.