டிக்கெட்டில் தெரியாத ஒன்றரை மணி நேரம்

கேள்வி: ஐயா, துபாயில் இருக்கும் மகனைப் பார்க்க முதன்முறையாகத் தனியே போகிறேன். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30க்குப் புறப்பட்டு 7.00 மணிக்குத் துபாய் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 10.00க்கு ஏறினால் மறுநாள் 3.30க்கு இறங்குவேனாம். போவதற்கு இரண்டரை மணி நேரம், வருவதற்கு ஐந்தரை மணி நேரமா?
– தக்கலையிலிருந்து ஒரு வாசகி

பதில்: இரண்டும் இல்லை, அம்மா. போகவும் நான்கு மணி நேரம், வரவும் நான்கு மணி நேரம். டிக்கெட்டில் எந்த ஊரின் பெயர் இருக்கிறதோ, அந்த ஊர்க் கடிகாரத்தின் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே 7.00 என்றால் தக்கலையில் 8.30.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. நமக்கும் துபாய்க்கும் இடையே ஏறக்குறைய 22 பாகை. நம் ஊரில் உச்சி வெயில் அடித்து ஒன்றரை மணி நேரம் சென்ற பிறகே அங்கே உச்சி. வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்தாலும், ஓடுதளத்துக்கு நகரவும் ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நான்கு மணி வந்துவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1993இல் என் தம்பி துபாய்க்குப் போனான். ஏழு மணிக்குச் சேர்ந்துவிடுவான், உடனே கூப்பிடுவான் என்று அம்மா விடிந்ததும் பக்கத்து வீட்டுத் தொலைபேசி அருகே போய் உட்கார்ந்துவிட்டார். எட்டு ஆயிற்று, ஒன்பதும் ஆயிற்று. யாரோ கொடுத்த கட்டன் சாயா ஆறிக் கிடந்தது. ஒன்பதரைக்கு அழைப்பு வந்தபோது அம்மாவால் பேசவே முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தீர்க்கக்கோடு நடத்துகிற நான், அதை அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இன்றும் மனம் உறுத்துகிறது. உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் ‘நம் கடிகாரத்தில் ஒன்பதரை வரை போன் வராது’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, தேதி. 15ஆம் தேதி 4.30 என்று போட்டிருந்தால் நீங்கள் வீட்டைப் பூட்டுவது 14ஆம் தேதி இரவு. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது ஒன்றரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரவில் சாலை காலியாக இருந்தாலும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றுக்குக் கார் வாசலில் நிற்கட்டும். ஆக, வாசற்படியிலிருந்து துபாய் மண்வரை ஒன்பதரை மணி நேரம். பயணம் என்றால் இதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வி: கோயில் ஊர்வலத்துக்காகத் திருவனந்தபுரம் விமான நிலையத்தை மூடுவார்களாமே?
– கொல்லங்கோட்டு வாசகர்

பதில்: உண்மைதான். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் சடங்கு) ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அந்த இரண்டு நாட்களிலும் மாலையை ஒட்டிச் சில மணி நேரம் விமானங்கள் இயங்கா. உங்கள் பயணம் அன்றைக்கு என்றால், நேரம் மாறியிருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.